மெல்லக் கேட்கும் தொழில்

கலியாண வீட்டிலோ கோயில் வீதியிலோ உறவினர் எம்மைக் கண்டால், சுகம் விசாரித்த மறுகணமே ஒரு கேள்வி பிறக்கும். "தம்பி இப்ப என்ன உத்தியோகம்?" என்பதே அக்கேள்வி. டாக்டர் என்றோ, எஞ்சினியர் என்றோ, கணக்காளர் என்றோ ஒரே சொல்லில் விடை பகரும் பாக்கியம் எமக்கு வாய்க்கவில்லை. பிறர் பாடிப் பதிவு செய்த பாட்டுக்களின் ஒலிகளைக் கலந்து சீர்செய்து கொடுப்பதே எமது தொழில் என்று விளக்கத் தொடங்கினால், "ஓ, கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற வேலையோ?" என்பார் ஒருவர். "எங்கட வீட்டு றேடியோவும் பழுதாய்க் கிடக்குது, ஒருக்கால் வந்து பார்" என்பார் மற்றொருவர். பெரியம்மா முறையான ஓர் அம்மையார் மட்டும் வேறெதுவும் கேளாமல், "சம்பளம் மாதா மாதம் வருமோ?" என்று கேட்டார். வரும்போது வரும் என்றோம். அவர் எமக்கு மறுமொழி கூறவில்லை. அருகே நின்ற எம் இல்லாளை மிகுந்த இரக்கத்தோடு ஒருமுறை நோக்கினார்.

அந்த அம்மையாருக்குச் சொல்லாமல் விட்ட விளக்கத்தை வாசகர்களுக்கேனும் கூறிவிடலாம் என்று எண்ணுகிறோம். அதனோடு, இத்தொழில் எமக்கு எம் வீட்டினுள்ளேயே கற்பித்த ஒரு பாடத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்த முறை மிக எளியது. நடுவில் ஒரே ஒலிவாங்கி. பாடுபவர் அதன் அருகில் நிற்பார். உரத்து ஒலிக்கும் வாத்தியக்காரர் எட்ட இருப்பார். எவர் எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பதே ஒலிப்பதிவாளரின் கலை. பின்னர், ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் நாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்கும் வழி பிறந்தது. 1967ஆம் ஆண்டில் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' என்னும் புகழ்பெற்ற இசைத்தட்டு, நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட இயந்திரங்களில் உருவானது. இன்றோ கணினியின் தயவால் தடங்களுக்கு எல்லையே இல்லை. ஒரு சாதாரண பக்திப்பாடல்கூட 50, 60 தடங்களாகப் பிரிந்து எம்மிடம் வந்து சேர்கிறது. மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, வயலினுக்கு நான்கு, பின்பாட்டுக்கு எட்டு என்று அது விரியும். இவற்றையெல்லாம் கேட்டு, ஏற்றியும் தணித்தும், இடமும் வலமுமாகப் பரப்பியும், இரு காதுகளுக்கு உரிய ஒரே பாட்டாக ஆக்கிக் கொடுப்பதையே மிக்ஸிங் என்கிறார்கள். நன்றாகச் செய்தால் பாடியவரைப் புகழ்வர். பிழைத்தால் எம்மைத் தேடுவர்.

எமது கலையகம் என்பது வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் பின்னறையே. சுவரில் மோதும் ஒலி திரும்பி வந்து காதை ஏமாற்றாதிருக்க, பழைய பஞ்சு மெத்தைகளையும் புத்தக அலுமாரியையும் காவலாக நிறுத்தியிருக்கிறோம். எனினும், கடலோர ரயிலை எந்த மெத்தையும் தடுப்பதில்லை. காலி வீதி பஸ்களின் ஹோர்ன் ஓசை மற்றப் பக்கத்தால் வரும். இவற்றோடு காலையும் மாலையும் சூன் பாண் முச்சக்கர வண்டி, பேத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்' மெட்டை ஒலித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் ஒருவரின் இராகம் உச்சத்தை எட்டும் அந்தக் கணத்திலேதான் பணிஸ் வந்துவிட்டது என்னும் அறிவித்தலும் வரும். செவிப்புலன் தம்மைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அம்மாமேதை எழுதிய மெட்டு, எமது ஊரில் பாண் விற்கிறது. பாண் வாங்கிய நாட்களில் நாம் அதை நினைத்ததில்லை. பின்பு நினைக்க நேர்ந்தது.

எமக்கு முதலாளி இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. வேலை தொடங்குமுன் பாதிப் பணம், முடிந்தபின் மீதி. இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் கட்டணம் உண்டு என்பது எமது விதி. விதி என்று எழுதினோமேயன்றி, மூன்றாவது திருத்தத்துக்குக் கட்டணம் கேட்கும் துணிவு எமக்கு வந்தது அண்மையிலேதான். மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வேலை வரும்; ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அதிகமாக வரும். 2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவையும் தாண்டிற்று. வெளிநாட்டுப் பணம் சிறிது ஈட்டுபவர்கூட அக்காலத்தில் குடும்பத்துக்குப் பெருந்துணையானார். ஆனால் அதே ஆண்டின் மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மின்சாரம் வரும் வேளைதான் எமக்கு விடியல். அவ்வாறு இராக்காலத்தில் வேலை செய்யப் பழகிய நாம், மின்வெட்டுத் தீர்ந்த பின்னரும் அப்பழக்கத்தை விடவில்லை. இரவில் பஸ் இல்லை, பாண் வண்டி இல்லை. அதற்குமேல், ரொறன்ரோவில் ஒருவர் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது, கோடைகாலமாயின் எமக்கு மறுநாள் அதிகாலை மூன்றரை மணி. அவருக்கு ஓய்வான நேரமே எமக்கு வேலை நேரமாயிற்று.

நிற்க. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நகரிலிருந்து ஓர் இசைக்குழுவினர் ஆறு பாட்டுக்களை அனுப்பினர். குழுவில் ஐவர். முதற்பாட்டை மிக்ஸ் செய்து அனுப்பினோம். பாடியவர் எழுதினார்: "அண்ணா, நன்றாக இருக்கிறது, குரலை மட்டும் சற்று ஏற்றிவிடுங்கள்." ஏற்றினோம். வயலின் வாசித்தவர் தனியாக எழுதினார்: வயலின் அமுங்கிவிட்டதாம். அதையும் ஏற்றினோம். மிருதங்கக்காரர் பொறுமைசாலி, மூன்று நாட்கள் பொறுத்திருந்துவிட்டு, தாம் அப்பாட்டில் வாசித்தாரா என்று தமக்கே ஐயமாயிருப்பதாக எழுதினார். பணம் கொடுப்பவரான ஒருவரின் தந்தையாரோ, எல்லாமே இன்னும் உரக்க இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆறாவது திருத்தத்தின் முடிவில் எல்லாரும் எல்லாரையும்விட உரத்து ஒலித்தனர். பாட்டு மட்டும் காணாமற் போயிற்று.

இதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஒரே சுரப்பகுதியில் இரண்டு ஒலிகள் ஒருங்கே எழுந்தால், வலியது மெலியதை மறைத்துவிடும். பெண்குரலும் வயலினும் உலாவும் வீதி ஏறத்தாழ ஒன்றே. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிற்றாரும் கீழே ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பவை. ஒருவர் உரத்துப் பேசினால் மற்றவர் அதனிலும் உரத்துப் பேசவேண்டும். பின்னர் முதல்வர் கத்தவேண்டும். ஒரு குரல் துலங்க வேண்டுமாயின், அதன் அருகிருப்பது அவ்வேளையில் சிறிது ஒதுங்கி வழிவிட வேண்டும். இது எமக்குத் தெரியாததன்று. ஆயினும், கேட்டவருக்கெல்லாம் "ஏற்றினோம்" என்று எழுதுவது எளிது; "மற்றதைத் தணிப்போம்" என்று எழுதி ஒருவர் மனத்தைத் தேற்றுவது கடினம். மாதச் சம்பளம் இல்லாதவன் எளிதான வழியைத் தேர்ந்தான்.

அந்த ஆறாவது திருத்தத்தின் இரவில் நடந்ததைச் சொல்ல எமக்கு மனம் கூசுகிறது. பாடசாலை விடுமுறையாதலால் இல்லாளும் பிள்ளையும் யாழ்ப்பாணம் சென்றிருந்தனர். வீட்டில் நாமும் எமது தந்தையாரும் மட்டுமே. தாயார் காலமான பின்னர் அவர் எம்முடனேயே இருக்கிறார். எமது கலையகத்துக்கு அடுத்த அறை அவருடையது. அன்றிரவு அவருக்கு உறக்கம் கெடலாகாதென்று கதவைச் சாத்தி, காதுகளை முழுதும் மூடும் ஹெட்போனை அணிந்து, வழக்கம்போல ஒலியை மிகையாக ஏற்றி வைத்துக்கொண்டு அமர்ந்தோம். தொலைபேசியில் ரொறன்ரோ காத்திருந்தது. ஐந்து மணியளவில் வேலையை முடித்து, தேநீர் போடலாமென்று கதவைத் திறந்தபோது, குளியலறை வாயிலில் தந்தையார் சுவரோடு சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தார். கால் வழுக்கி விழுந்திருக்கிறார். வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார்.

பதற்றத்தில், கூப்பிட்டிருக்கலாமே என்று அவரையே கடிந்துகொண்டோம். அவர் கோபிக்கவில்லை. "கூப்பிட்டனான், தம்பி. உனக்குக் கேக்கேல்லைப் போல" என்றார்.

பத்து அடி தூரம். நடுவே ஒரு கதவு. ரொறன்ரோவில் ஒரு வயலின் கம்பி மயிரிழையளவு சுருதி பிசகினாலும் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று பெருமை பேசிய செவி, பத்து அடி தூரத்தில் எம்மைப் பெற்றவர் அழைத்த குரலை அறியவில்லை.

வைத்தியசாலையில் எலும்பு வெடித்திருக்கிறது என்று கூறிப் பிளாஸ்டர் போட்டனர். ஆறு வாரங்கள் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினோம். சிறுவயதில் அவர் எமக்கு ஊட்டிய கடனில் சிறு பங்கேனும் தீர்ந்தது என்று உறவினர் தேற்றினர். எமக்குத் தேறவில்லை. அவர் ஒருமுறைதான் அழைத்தாரா, பலமுறை அழைத்தாரா என்று கேட்கும் தைரியம் இன்றுவரை எமக்கு வரவில்லை.

இதனிடையே வேறோர் ஐயமும் எம்மை அரித்தது. ஹெட்போனைக் கழற்றிய பின்னரும் சில இரவுகளில் காதினுள் மெல்லிய ரீங்காரம் நின்றுகொண்டிருந்தது. காது வைத்தியரிடம் சென்றோம். அவர் சோதித்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஏறத்தாழ நேராகச் சென்ற கோடு, 4,000 ஹேர்ட்ஸ் என்னுமிடத்தில் சிறிய பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. "இன்னும் பயப்படும் அளவில் இல்லை, ஆனால் இறங்கியது ஏறாது" என்றார். பேரொலியால் வரும் செவிக்கேடு பெரும்பாலும் அவ்விடத்தை அண்டியே முதலில் தலைகாட்டுமாம். ஒவ்வொரு காதின் உள்ளேயும், ஒலியை நரம்புக்கு அறிவிக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேத்தோவனின் மெட்டைப் பாண் வண்டியில் கேட்டபோதெல்லாம், அதன் பின்பு அந்த வரைபடமே எம் கண்முன் நின்றது.

இங்கு மாணவ நண்பர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லிவைப்போம். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியை ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டல் ஆகாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் காலம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி நேரம். 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒன்று. 100 என்றால் வெறும் 15 நிமிடம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடம் படிப்போர், ஒரு முழத் தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. கேட்கவில்லையாயின் ஒலியைத் தணிக்க வேண்டும். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அச்செல்வத்தைச் சேர்க்கும் பெட்டியை நாமே உடைத்துக்கொள்ளலாகாது.

அன்றுமுதல் கதவைத் திறந்துவைத்தோம். ஹெட்போனை நுண்பிழை பார்க்கும் சிறு பொழுதுக்கு மட்டும் எடுப்பதென்றும், மற்ற வேளைகளில் சிறிய ஒலிபெருக்கிகளில் மிகத் தணிவாகவே கேட்பதென்றும் முடிவு செய்தோம். அடுத்த அறையில் ஒருவர் இருமினாலும் எமக்குக் கேட்கவேண்டும், அதுவே அளவு. தொழில் இதனால் கெடும் என்றே அஞ்சினோம். நடந்தது வேறு.

1933ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பிளெட்சர், மன்சன் என்னும் இரு அறிஞர்கள், எமது செவி எல்லாச் சுரங்களையும் ஒரே நீதியாகக் கேட்பதில்லை என்று அளந்து காட்டியிருக்கின்றனர். ஒலி தணிவாக இருக்கும்போது கீழ்ச்சுரங்களும் மிக மேலான சுரங்களும் எமக்கு மங்கிப்போகும்; ஒலியை ஏற்றினால் அவை நிறைவாகத் தோன்றும். ஆகையால், உரக்க வைத்தால் எந்தப் பாட்டும் நன்றாகவே இருப்பதுபோல் மயக்கும். தணித்து வைத்துப் பார்த்தாற்றான் உண்மை வெளிப்படும்: குரல் தனித்து நிற்கிறதா, சொற்கள் விளங்குகின்றனவா, தாளம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். இதைப் புத்தகத்தில் எப்போதோ படித்திருந்தோம். கடைப்பிடிக்க எமக்கு ஒரு மணிக்கட்டு முறியவேண்டியிருந்தது.

ரொறன்ரோப் பாட்டை மீண்டும் எடுத்தோம். ஆறு திருத்தங்களையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை எதையும் ஏற்றவில்லை. குரல் வரும் வேளைகளில் வயலினை இரண்டு டெசிபெல் தணித்தோம். குரல் ஓய்ந்த இடத்தில் அதை அதன் இடத்துக்கு விட்டோம். தொப்பியின் கும்காரம் கேட்கும்படி பேஸ் கிற்றாரின் அடிப்பகுதியில் சிறிது அகற்றினோம். அனுப்பியபோது, எதை எதைத் தணித்தோம் என்று ஒளிக்காமல் எழுதினோம். பாடியவர், குரல் இப்போதுதான் துலங்குகிறது என்றார். வயலின்காரர், தம்முடையதை ஏற்றியதற்கு நன்றி என்று எழுதினார்! மிருதங்கக்காரர் தாம் வாசித்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். எல்லாம் உரக்க வேண்டும் என்ற பெரியவருக்கு மட்டும் ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. இக்காலத்தில் ஸ்பொட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள், மிகையாக உரத்து வரும் பாட்டைத் தாமே தணித்து மற்றவற்றோடு சமப்படுத்திவிடுகின்றன. எனவே கத்திப் பெறக்கூடிய இலாபம் எதுவுமில்லை என்று பணிவாக எழுதினோம். அவர் பதில் எழுதவில்லை. மீதிப் பணத்தை அனுப்பினார். அதுவும் ஒரு பதிலே.

எல்லாம் இவ்வாறு இனிதே முடியவில்லை. இரவு பத்து மணிக்குமேல் வேலை செய்வதில்லை என்று வாடிக்கையாளர் அனைவருக்கும் எழுதியபோது இருவர் எம்மை விட்டு நீங்கினர். அவருள் ஒருவரின் வேலை எமது வருவாயில் பெரும்பங்கு. அவ்வாண்டு பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு இல்லாளின் சங்கிலி சில மாதங்கள் அடகுக்கடையில் இருந்தது. பெரியம்மாவின் இரக்கப் பார்வையின் பொருள் அப்போது எமக்கு நன்கு விளங்கிற்று. நீங்கியவர்களுக்குப் பதிலாகப் புதியவர் சேர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. சங்கிலி திரும்பி வந்துவிட்டது என்பதையும் பெரியம்மாவின் நிம்மதிக்காகக் குறித்துவைக்கிறோம்.

இப்போது எமது கலையகத்தில் இறுதித் தீர்ப்பு வழங்குபவர் தந்தையாரே. இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாவதற்கு முன்பே அதன் நேயராயிருந்தவர் அவர். முடிந்த பாட்டை அவருடைய பழைய சிறு வானொலிப்பெட்டியில் இணைத்து, மெதுவாக ஒலிக்கவிடுவோம். மூடிய கண்களோடு கேட்டுவிட்டு, "சொல் விளங்குது" என்றால் தேறியது, "ஆர் பாடினது?" என்று மட்டும் கேட்டால் மறுபடியும் வேலை உண்டு.

சென்ற வாரம் ஒரு முன்னிரவில் வயலின் தடம் ஒன்றில் ஆழ்ந்திருந்தோம். அடுத்த அறையிலிருந்து "தம்பி!" என்று குரல் வந்தது. கையிலிருந்ததை அப்படியே விட்டு எழுந்தோடினோம். தந்தையார் கட்டிலில் சுகமாகச் சாய்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டோம்.

"ஒண்டுமில்லை. கேக்குதோ எண்டு பாத்தனான்" என்றார்.